கட்டி கரைந்தது என்று நான் சொன்ன சாட்சி

கர்த்தருடைய வீட்டாராகிய உங்கள் எல்லாருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம். என் பெயர் எஸ்தர். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டோரக் காலனி ஒன்றில் குடியிருக்கிறேன். இது என் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சியை எங்கள் சபையில் மைக் பிடித்துச் சொன்னேன். ஜனங்கள் கை தட்டினார்கள், அழுதார்கள், தேவனை மகிமைப்படுத்தினார்கள். அது முழுப் பொய். அந்தப் பொய்யை விழுங்கிக்கொண்டே நான் செத்துப் போயிருக்க வேண்டியவள். எப்படிப் பிழைத்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம். கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை எனக்கு. மெத்தையைத் தூக்கி விரிப்பை அடியில் செருகும்போது இடது மார்பில் சுருக்கென்று ஒரு வலி. பாத்ரூமுக்குள் போய்த் தொட்டுப் பார்த்தேன். பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி கையில் பட்டது. எங்கள் சின்னம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றைக்கு மீதி நான்கு அறைகளை எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, தள்ளிப் போடாதே, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் தேவராஜ் கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டும் ஒப்பந்த டிரைவர். அவரும் உடனே போகச் சொன்னார். ஓட்டலில் கோடை விடுமுறைக் கூட்டம், லீவு கேட்டால் வேலைக்கே வேட்டு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். வெளியாட்களில் எங்கள் பாஸ்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர்கள் ஜெபக் குறிப்பில் எழுதி சபையில் வாசித்துவிட்டார்கள். ஆக, எஸ்தருக்குக் கட்டி என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது.

இதற்கும் முன்னாலேயே எனக்கு வேறொரு வியாதி இருந்தது. அதன் பெயர் கலைச்செல்வி.

கலை எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. சாமி கும்பிடுகிற விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் புருஷன் முருகன் அந்த நாளில் குடித்துவிட்டு விழாத இடம் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான்தான் கையைப் பிடித்துச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்தவள் நான். உபவாசம் என்றால் என்ன, காணிக்கைக் கவரில் பெயர் எங்கே எழுத வேண்டும், எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. அவளுக்காக இருபத்தொரு நாள் காலை ஆகாரம் விட்டு ஜெபித்தேன். முருகன் குடியை விட்டான். நான் அன்றைக்குத் துள்ளிக் குதித்தேன். அது நிஜமான சந்தோஷம், அதில் கலப்படம் இல்லை.

அதற்குப் பிறகுதான் வினை. குடியை விட்டவன் பழைய டிப்பர் ஒன்று வாங்கினான். டிப்பர் இரண்டாயிற்று. அப்புறம் ஒரு ஜேசிபி. எங்கள் பக்கம் எல்லாம் மனை போடுகிற இடம், மண் அள்ளுகிறவன் காட்டில் மழை. வீடு எழும்பியது. வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் டைல்ஸ். மகனைப் பொத்தேரிப் பக்கம் பெரிய காலேஜில் சேர்த்தாள், ஹாஸ்டலோடு.

நான் யார் தெரியுமா? எங்கள் தாத்தா காலத்திலிருந்து கிறிஸ்தவர்கள். தாத்தா அடுத்தவன் கழனியில் கூலி வேலை செய்துவிட்டு, சாயங்காலம் ஆராதனைக்கு நடந்தே போவார். எனக்குப் பதினான்கு வயதில் ஞானஸ்நானம். எங்கள் சபை ஓலைக் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் பெருக்குகிறவள் நான். எனக்கு என்ன கொடுத்தார்? மழை வந்தால் ஒழுகுகிற தொகுப்பு வீடு. அதே ஓட்டல், அதே பக்கெட், அதே துடைப்பம். அவள் நேற்று வந்தவள். காலையிலிருந்து வெயிலில் வேலை செய்தவனுக்கும், பொழுது சாயும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமானைப் பற்றி இயேசு ஒரு கதை சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் முணுமுணுத்த ஆட்கள் பக்கம்தான் நின்றேன். என் விஷயத்தில் ஒரே கூலிகூட இல்லையே, பொழுது சாய வந்தவளுக்கு அல்லவா மூட்டை மூட்டையாகப் போகிறது என்று ஆண்டவரிடமே கேட்டிருக்கிறேன்.

அவள் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு நான் பிரியாணிக்கு வெங்காயம் வெட்டினேன். இரண்டு கதவு ஃபிரிட்ஜ். சமையல் மேடைக்கு மேலே புகை இழுக்கிற இயந்திரம். கலை வந்து, அக்கா எரியுதா, கண்ணைத் துடைச்சுக்கோ என்று புதுத் துண்டு ஒன்று கொடுத்தாள். எரிந்தது கண் இல்லை, வயிறு. அன்று வீட்டுக்கு வந்து ஒன்றுமில்லாத காரணத்துக்கு என் வீட்டுக்காரரைக் கண்டபடி பேசினேன். பாவம், அவர் தட்டோடு எழுந்து போய் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

எங்கள் சபையில் துதி ஆராதனை முடிந்ததும் சாட்சி நேரம் உண்டு. யாருக்காவது ஆண்டவர் நன்மை செய்திருந்தால் முன்னால் வந்து சொல்லலாம். ஒரு ஞாயிறு தவறாமல் கலை எழுந்துவிடுவாள். ஜேசிபிக்கு வேலை வந்தது என்பாள். மகன் பாஸ் என்பாள். கொலுசு காணாமல் போய்க் கிடைத்தது என்பாள். ஒரு தடவை, கேஸ் சிலிண்டர் வழக்கத்தைவிடப் பத்து நாள் கூட வந்தது என்று சாட்சி சொன்னாள். ஜனங்கள் அதற்கும் அல்லேலூயா போட்டார்கள். நான் கை தட்டுகிற மாதிரி உள்ளங்கையைச் சேர்த்துச் சேர்த்து எடுப்பேன், சத்தம் வராது. பக்கத்தில் இருப்பவர்கள் நான் தட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

சபையில் எழுந்து சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் கொடுமை. இருபது வருஷத்துக்கு மேலாக விசுவாசி, மைக் பிடிக்க ஒரு விஷயம் இல்லை.

கட்டி தெரிந்து மூன்றாவது ஞாயிறு. அன்றைக்கு கலைக்கு கார். வெள்ளை கார், பின் கண்ணாடியில் ஆண்டவர் நாமம் எழுதின ஸ்டிக்கர். சபை வாசலில் எலுமிச்சம்பழம் வைக்காமல் பாஸ்டர் ஐயாவை ஜெபிக்கச் சொல்லி வண்டியை எடுத்தாள். எல்லாருக்கும் கேக். அப்புறம் மைக்கில் பத்து நிமிஷம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர், கிடைக்கும் முன்னமே கிடைத்ததாக வாயால் அறிக்கை பண்ணுங்கள் என்று பேசியிருந்தார். அவர் என்ன அர்த்தத்தில் சொன்னாரோ, நான் எடுத்துக்கொண்டது என் சௌகரியத்துக்கு. கலை உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். எழுந்த பிறகும்கூட எனக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாது. மைக் கைக்கு வந்ததும், என் கட்டி கரைந்துவிட்டது என்று சொன்னேன்.

 சபை முழுவதும் ஒரே சத்தம். பாஸ்டர் ஐயா நல்ல மனிதர், நிதானமானவர். டாக்டரிடம் காட்டினீர்களா சிஸ்டர் என்று கேட்டார். பெரிய டாக்டர் இயேசுவே தொட்டுவிட்டார் ஐயா என்றேன். எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பதில் வந்ததோ. கஞ்சிரா அடிக்கிற தம்பி எழுந்து நின்று அடித்தான். கலை ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், என் தோள் நனைந்துவிட்டது. அன்றைக்கு அவள் காரைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லார் கண்ணும் என் மேல். உண்மையைச் சொல்கிறேன், அன்று மதியம் சாப்பிட்ட சாப்பாடு ருசித்த மாதிரி அதற்கு முன்னால் எனக்கு ருசித்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஞாயிறு டியூட்டி. சபை வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி பார்த்துவிட்டு, அரை கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தார். நெஜமாவா எஸ்தரு என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிளஸ் டூ படிக்கிற என் மகள் ஜெனிபர், அம்மா என்று மடியில் படுத்துக்கொண்டாள். என் பங்கு ஜிலேபியையும் அவளுக்கே ஊட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு மாட்டிக்கொண்டேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் எங்கள் சபை சிஸ்டர் ஒருத்தி வேலை பார்க்கிறாள். அங்கே போனால் மத்தியானத்துக்குள் குரூப்பில் வந்துவிடும். தனியார் டாக்டரிடம் போனால் பணத்துக்கு வீட்டுக்காரரிடம் காரணம் சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றை மூன்று வேளையும் நானே தின்றுகொண்டிருந்தேன்.

ஜெபித்தேனா என்றால் ஜெபித்தேன். வெறித்தனமாக ஜெபித்தேன். ஆனால் என்ன ஜெபம்? சுகமாக்கும் என்று இல்லை. நான் சொன்னதை நிஜமாக்கும், சபை முன்னால் என் மானத்தைக் காப்பாற்றும், அவள் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்காதேயும் என்று. மூன்று மாசம் ஓடிற்று. பட்டாணி நெல்லிக்காய் ஆயிற்று. குளிக்கும்போது அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டேன். உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கலைக்கு முன்னால் பொய்க்காரி ஆவதைவிட இது பரவாயில்லை என்று நினைத்தேன். பொறாமைக்குக் கண் இல்லை என்பார்கள். எனக்குப் புத்தியும் இல்லாமல் போயிற்று.

ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமை. வேலை முடிந்து வந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கார் வந்து நின்ற சத்தம். கலை தன் தங்கை சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். சுகன்யாவை வேடந்தாங்கல் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு வயது இருக்கும், வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. வந்து உட்கார்ந்தவள் என்னையே பார்த்தாள், ஏதோ கோயிலுக்கு வந்தவள் மாதிரி.

கலைதான் விஷயத்தைச் சொன்னாள். தங்கைக்கு மார்பில் ஒரு கட்டி. மாமியார் வீட்டில் மறுநாளே செங்கல்பட்டு போகச் சொல்லியிருக்கிறார்கள். இவளுக்குக் கத்தி என்றால் பயம், போக மாட்டேன் என்கிறாள். கலை வாயால் என் சாட்சியைக் கேட்டதிலிருந்து ஆஸ்பத்திரி வேண்டாம், அந்த அக்காவிடம் போய் ஜெபம் பண்ணிக்கொண்டால் போதும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

"அக்கா, உங்களுக்கு எத்தினி நாள்ல கரைஞ்சிது?" என்று சுகன்யா கேட்டாள்.

முதலில் என் மனதில் வந்தது என்ன தெரியுமா? அந்தப் பெண்ணின் உயிர் இல்லை. உண்மையைச் சொன்னால் கலை ஜெயித்துவிடுவாள் என்பதுதான் வந்தது. அவளுக்கு வீடு, அவளுக்குக் கார், கடைசியில் நல்ல பெயரும் அவளுக்கே. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். சுகன்யா தலையில் கை வைத்து இரண்டு நிமிஷம் ஜெபித்து அனுப்பிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று கையைத் தூக்கியும்விட்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். வகிட்டில் குங்குமம் இருந்தது. ஆண்டவரை இன்னும் சரியாகத் தெரியாத பெண், என் வாய் வார்த்தையை நம்பித் தலையைக் கொடுக்கிறாள்.  மூன்று மாசத்தில் முதல்முறையாக உள்ளுக்குள் ஒரு நிஜமான ஜெபம் வந்தது. ஆண்டவரே, என் மானம் போனால் போகட்டும், இந்தப் பெண் போகக் கூடாது. அவ்வளவுதான் அந்த ஜெபம்.

கையைக் கீழே இறக்கி, கலையின் கையைப் பிடித்து என் மார்பின் மேல் வைத்து அழுத்தினேன்.

"கரையல கலை. கீது பாரு. நான் சொன்னது பொய்."

கலை கையை எடுக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. 

"ஏன்கா? யாருக்காகக்கா இப்டி சொன்ன?"

"உனக்காகத்தான். நீ கார் வாங்கின இல்ல, அதுக்காக."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மடித்து வைத்த துணியெல்லாம் சரிந்தது. அப்புறம் அவள் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"வாராவாரம் எழுந்து சொல்லிகினு கீறேனே, சந்தோசத்துலன்னு நெனச்சியாக்கா? பயம்கா. சொல்லலன்னா குட்த்தத எல்லாம் திருப்பி எட்த்துக்குவாரோன்னு பயம். காரு வந்ததுலேர்ந்து தூக்கமே இல்ல எனக்கு."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆண்டவரைக் கும்பிட்டோம். நான் அவர் எனக்குக் கொடுக்காததையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவர் கொடுத்ததையே காவல் காத்துக்கொண்டிருந்தாள். அவரை இரண்டு பேருமே பார்க்கவில்லை. முதலில் அவரைத் தேடு, மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று ஞாயிறு பள்ளியில் நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். நான் தேடியது அந்த மற்றதைத்தான்.

சுகன்யா அழ ஆரம்பித்தாள். கலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாளைக் காலையில் மூன்று பேரும் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். 

"ஊராண்ட பொய் சொன்ன, சரி. என்னாண்டயுமா எஸ்தரு?"

அன்றைக்கும் அவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். 

மறுநாள் அந்த வெள்ளை காரில்தான் போனோம். சீட்டின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே ஏசி குளுகுளு என்று இருக்கிறது. உயிர் இருக்குமா போகுமா என்று போகிறேன், அப்போதும் என் கண் அந்த உறையைப் பார்த்து, புதுசு கெடாமல் எப்படி வைத்திருக்கிறாள் பார் என்று கணக்குப் போட்டது. மனுஷ மனசுக்கு விவஸ்தையே கிடையாது. சீட்டு கொடுக்கிற இடத்தில் எங்கள் சபை சிஸ்டர் என்னைப் பார்த்துத் திகைத்தாள். உங்களுக்குச் சுகமாகிவிட்டதே என்றாள். இல்லை, பொய் சொன்னேன் என்றேன். மூன்றாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஸ்கேன், காத்திருப்பு, மறுபடி காத்திருப்பு. சுகன்யாவைப் பார்த்த டாக்டரம்மா, இது வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றும் பயமில்லை, ஆறு மாசம் கழித்து வந்து காட்டு என்று சொல்லிவிட்டார்கள். அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். என்னை மட்டும் உட்காரச் சொல்லி, ஊசியால் சதை எடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுநோய்.

முடிவு வாங்கின ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே நான் சுகன்யாமேலும் பொறாமைப்பட்டேன். அக்காள் தங்கை இரண்டு பேருக்கும் நல்லதே நடக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை, வேதத்தைத் திறக்கவில்லை. நான் செத்தால் ஜெனிபரை யார் படிக்க வைப்பார்கள், ஒழுகுகிற வீட்டை யார் பார்ப்பார்கள் என்று அதே கவலை சுற்றிச் சுற்றி வந்தது.

நான்காம் நாள் பாஸ்டரம்மா வந்தார்கள். நான் எல்லாக் கோபத்தையும் அவர்களிடம் கொட்டினேன். அவர்கள் உபதேசம் ஒன்றும் பண்ணவில்லை. டாக்டர் கடைசியாக என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டார்கள். இப்போதாவது வந்தீர்களே, இன்னும் பரவவில்லை, இன்னும் கொஞ்ச மாசம் போயிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னார் என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியே தேவைப்படாத ஒரு பெண்ணை, ஆஸ்பத்திரி தேவைப்பட்ட என் வீட்டுக்குள் அனுப்பி வைத்தது யார்? அவள் போகக் கூடாது என்று நான் கேட்டேன். அவள் போகவில்லை. அந்த ஜெபத்தில் நான் எனக்காகக் கேட்கவே இல்லை. கேட்காததையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

சின்ன வயதில், சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தால், என் தம்பி ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பான். அப்பா முகத்தைப் பார்க்க மாட்டான். இத்தனை வருஷமும் நான் ஆண்டவரிடம் அப்படித்தான் இருந்தேன், அதுவும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பையையும் சேர்த்து எட்டிப் பார்த்துக்கொண்டு. அன்றைக்குத் தரையில் முகங்குப்புற விழுந்து, பிழைத்தாலும் செத்தாலும் நீர் எனக்கு இருந்தால் போதும் என்று சொன்னேன். சொல்லும்போது பயம் போகவில்லை. ஆனால் அன்றைக்குத் தூங்கினேன்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு சாட்சி நேரத்தில் மறுபடி மைக் வாங்கினேன்.  நான் சொன்னது பொய், கட்டி கரையவில்லை, கலைமேல் இருந்த பொறாமையில் அப்படிச் சொன்னேன், எனக்குப் புற்றுநோய் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.  பின்னால் யாரோ, தேவ நாமத்தை வைத்து விளையாடுவதா என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. அவர் சொன்னது நியாயம்தான். பாஸ்டர் ஐயா எழுந்து வந்தார்.

"சிஸ்டர், அன்னைக்கு நானும் கை தட்டினேன். நீங்க சொன்ன பதில் கேக்க நல்லா இருந்துச்சு, அதனால மேல கேக்காம விட்டுட்டேன். என்னையும் மன்னிக்கணும்."

அதற்குப் பிறகு அவர் சபையைப் பார்த்து, இனி யாருக்காவது சுகம் கிடைத்தால் முதலில் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் கொண்டுவந்து சேர்த்து ஸ்தோத்திரம் பண்ணுவோம், ஆண்டவர் பரிசோதனைக்குப் பயப்படுகிறவர் இல்லை என்றார். இன்றைக்கும் எங்கள் சபையில் அதுதான் ஒழுங்கு.

ஆபரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு கீமோ, அப்புறம் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். தலைமுடி கொட்டியது, வாயெல்லாம் புண். காப்பீட்டு அட்டையில் செலவு முடிந்தது. ஓட்டல் வேலை போயிற்று. வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு வந்து ரசம் வைப்பார். அதில் உப்பு இருக்காது, நான் ஒன்றும் சொல்லாமல் குடிப்பேன். கலை ஒவ்வொரு தடவையும் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். திரும்பி வரும் வழியில் நான் அந்தப் புது சீட்டிலேயே வாந்தி எடுத்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவள் வண்டியை ஓரம் கட்டி, தானே துடைத்துவிட்டு, போகலாமாக்கா என்பாள். அவள் முகத்தில் அந்தக் காரைப் பற்றின கவலை கொஞ்சங்கூட இல்லாமல் போனதை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது அவள் வாராவாரம் சாட்சி சொல்ல எழுவதில்லை. நன்றாகத் தூங்குகிறேன் அக்கா என்கிறாள்.

இந்த வருஷம் எடுத்த பரிசோதனைகளில் மிச்சம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். போவேன். ஜெனிபர் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். நான் பக்கத்துப் பள்ளியில் அரைநாள் வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை என்றால் யாராவது ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு கிளம்பிவிடுவேன். எந்த வரிசை, எந்த அறை, எங்கே தண்ணீர் கிடைக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. வீடு இன்னும் ஒழுகுகிறது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். இன்னொரு பொய்ச் சாட்சி சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. கலை இப்போது மாடி கட்டுகிறாள். ஜல்லி வந்து இறங்கின அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. முன்னே என்றால் அந்தச் சுருக்கை உள்ளேயே வைத்துப் பழுக்க விட்டிருப்பேன். இப்போது உடனே முழங்காலில் போய், அப்பா, மறுபடியும் வந்துவிட்டது பாரும் என்று அவரிடம் காட்டிவிடுகிறேன். நர்ஸம்மாவிடம் கட்டியைக் காட்டின மாதிரிதான். சீக்கிரம் காட்டினால் சீக்கிரம் சரியாகிறது.

இதைப் படிக்கிற சகோதரியே, உன் மார்பில் ஒரு கட்டி இருந்தால் நாளைக் காலையிலேயே கிளம்பு. துணைக்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். உன் மனதில் ஒரு கட்டி இருந்தால் இப்போதே ஆண்டவரிடம் போ. அடுத்தவளுக்கு என்ன கொடுத்தார் என்று பார்க்காதே, உனக்கு என்ன கொடுக்கவில்லை என்றும் எண்ணாதே, முதலில் அவரிடம் போய்ச் சேர். நல்ல மனதோடுதான் போக வேண்டும் என்று காத்திருக்காதே. நான் பொய்யோடும் வயிற்றெரிச்சலோடும்தான் போனேன். என்னையே சேர்த்துக்கொண்டார்.